‘இல்லை’ என்ற சொல் தெரியாத பெட்டி

கொஞ்சம் நீளமான பதிவு. எங்கள் ஆவணச் சேகரிப்புக்குத் தாள்கள் தந்த வீட்டார் கட்டாயம் வாசியுங்கள். மற்றவர்கள் தேத்தண்ணியோடு ஆறுதலாக வாசிக்கலாம்.

சில ஆசிரியர்களும் எங்களிடம் படித்துப் போன பிள்ளைகள் சிலருமாகச் சேர்ந்து நாங்கள் செய்துவரும் வேலை உங்களில் பலருக்குத் தெரியும். 1990க்கு முந்திய எங்கள் ஊர்த் தாள்களை ஸ்கேன் செய்து ஓரிடத்தில் சேர்க்கிறோம். காணி உறுதி, பிறப்புப் பதிவு, கலியாணப் பதிவு, பாடசாலை விடுகைப் பத்திரம், மீன்வாடிக் கணக்கெழுதிய கொப்பி, மங்கிப்போன படங்கள். 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டியிலிருந்து படகேறிக் கற்பிட்டியில் இறங்கியவர்கள் எதைக் கொண்டு வந்தார்கள், எதை விட்டு வந்தார்கள் என்பதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எங்களில் பாதிப் பேர் புத்தளத்தில் பிறந்தவர்கள். வாப்பாமார் சொன்ன வீட்டை நாங்கள் முதலில் பார்த்தது காணி உறுதியின் எல்லை விபரத்தில்தான்.

இந்தத் தாள்களை ஒழுங்காக வைக்க எங்கள் பழைய மாணவர் ஒருவர் ஒரு சின்ன மென்பொருள் செய்து தந்தார். குடும்பப் பெயரைத் தட்டினால் அந்த வீட்டின் தாள்கள் எல்லாம் திரையில் வரும். இன்டர்நெட் தேவையில்லை, பழைய லப்டொப்பிலும் ஓடும். காசு வாங்கவில்லை.

போன நோன்புக்கு முந்திய ஒரு சனிக்கிழமை, எங்களில் ஒருவர் ஒரு குடும்பத்தின் பதிவைத் திறந்து வைத்திருந்தபோது கைதவறி டிலீட் விசையில் பட்டுவிட்டது. உடனே திரையின் நடுவில் ஒரு பெட்டி வந்தது. மேலே, பதிவை நீக்கவா என்ற கேள்வி நல்ல தமிழில். குடும்பப் பெயர் வரவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த ஒரு குப்பை. கீழே ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு தெரிவுகள், வழமையான பட்டன் மாதிரி இல்லாமல் அம்புக்குறி போட்ட நீளமான வரிகளாக. எங்கள் ஆசிரியருக்கு இது ஏதோ வைரஸ் என்ற பயம். ‘தெரியாத பெட்டி வந்தால் ஒன்றையும் அமத்தாதே, எஸ்கேப்பை அமத்து, போய்விடும்’ என்று பத்து வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள்தான். அவரும் எஸ்கேப்பை அமத்தினார். பெட்டி போய்விட்டது. அந்தக் குடும்பத்தின் பதிவும் போய்விட்டது.

முதலில் அவரைத்தான் எல்லோரும் குறை சொன்னோம். ‘ஆம்’ஐ அமத்திவிட்டு எஸ்கேப் என்று சொல்கிறார் என்று நினைத்தோம். அந்த மனுசன் சத்தியம் பண்ணாத குறை. பிறகு மென்பொருள் செய்த தம்பியே வந்து, ஒரு பொய்ப் பதிவை உண்டாக்கி, பெட்டியை வரவைத்து, எஸ்கேப்பைத் தட்டிப் பார்த்தார். பதிவு அழிந்தது. மூன்று முறை தட்டினார், மூன்று முறையும் அழிந்தது. எல்லோரும் வாயடைத்துப் போனோம்.

ஏன் இப்படி என்று தேடிப் போனதில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு நாற்பது வருடத்துச் சரித்திரம். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

கம்பியூட்டர் மனிதனிடம் கேள்வி கேட்பது புதிது அல்ல. டொஸ் காலத்தில் எல்லாக் கோப்பையும் அழிக்கச் சொன்னால், நிச்சயமாகவா என்று ஒரு வரி வரும், பக்கத்தில் அடைப்புக்குள் வை, என் என்று இரண்டு எழுத்து. ஆங்கிலத்தில் ஆமுக்கும் இல்லைக்கும் முதலெழுத்து. அதே டொஸ்ஸை ஜேர்மன் மொழியில் விற்றபோது வை எழுத்து ஜே ஆனது, அவர்களுடைய ‘ஆம்’ ஜேயில் தொடங்குவதால். எதைத் தட்டினால் ஆம், எதைத் தட்டினால் இல்லை என்று அந்தந்த மொழிக்கு ஏற்ப மாற்றிக் கொடுத்தார்கள். இந்த ஜே எழுத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியாக வந்து கேட்கும் பழக்கத்தைப் பரப்பியவை அப்பிள் நிறுவனம் 1983இல் விற்பனைக்கு விட்ட லிசாவும், 1984இல் வந்த மெக்கின்டொஷும். லிசா செய்துகொண்டிருந்த காலத்தில் நடந்த ஒரு கதை உண்டு. பெட்டியில் சம்மதத்துக்குரிய பட்டனில் முதலில் ‘ஓகே’ என்று இருக்கவில்லை, ‘டூ இட்’ என்றுதான் இருந்தது. செய் என்று அர்த்தம். லரி டெஸ்லர் என்பவர் சாதாரண ஆட்களைக் கூட்டிவந்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துக் குறிப்பெடுப்பார். சிலர் இந்தப் பட்டன் வந்ததும் தயங்கினார்கள். ஒருவருக்குக் கோபமே வந்துவிட்டது. என்னவென்று கேட்டால், தன்னை ஏன் முட்டாள் என்கிறது இந்த மெஷின் என்று கேட்டாராம். இரண்டு சொல்லுக்கும் நடுவில் இடைவெளி போதவில்லை, அந்த எழுத்துருவில் பெரிய ஐயும் சின்ன எல்லும் ஒரே மாதிரி. சேர்த்து வாசித்தால் ‘டோல்ட்’, ஆங்கிலத்தில் மடையன். அதற்குப் பிறகுதான் ‘ஓகே’ வந்தது. இன்று உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பெட்டிகளில் நாம் அமத்தும் அந்த ஓகே, கலிபோர்னியாவில் ஒரு மனிதருக்கு ரோசம் வந்ததால் வந்தது. பட்டனில் என்ன சொல் இருக்கவேண்டும் என்பதை ஒரு சாதாரண ஆளின் முன்னால் வைத்துப் பார்த்துத்தான் முடிவெடுத்திருக்கிறார்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை.

விண்டோஸ் 1985இல் வந்தபோது அதிலும் இந்தப் பெட்டி இருந்தது. 1992இல் விண்டோஸ் 3.1 வந்தபோது இன்னொரு முக்கியமான காரியம் நடந்தது. கோப்பைத் திற, சேமி, அச்சடி என்ற பெட்டிகளை ஒவ்வொரு மென்பொருளும் தன்பாட்டில் செய்துகொண்டிருந்ததை மாற்றி, எல்லோருக்கும் பொதுவாக விண்டோஸே வைத்துக் கொடுத்தது. எந்த மென்பொருளில் இருந்தாலும் ‘திற’ என்றால் ஒரே மாதிரிப் பெட்டி. ஒரு முறை பழகினால் போதும். இதைத்தான் சிஸ்டத்தின் சொந்தப் பெட்டி என்கிறோம். மென்பொருள் வேறு, பெட்டி வேறு. பெட்டி வீட்டுக்காரனுடையது, மென்பொருள் குடியிருப்பவர்.

வீட்டுக்காரன் எந்த மொழி பேசுகிறானோ அந்த மொழிதான் பெட்டியும் பேசும். பழைய விண்டோஸ் செய்திப் பெட்டியில் பட்டனுக்கு நீங்கள் விரும்பிய சொல்லைப் போட முடியாது. ஓகே, கன்சல், யெஸ், நோ, ரீட்ரை என்று ஒரு சின்னப் பட்டியல், அதிலிருந்து எடுக்கலாம். அவை எந்த மொழியில் தெரியும் என்பதை விண்டோஸின் மொழி தீர்மானிக்கும். இந்த நாட்டில் தமிழ் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு அரசகரும மொழியாகிவிட்டது. கடையில் வாங்கும் லப்டொப்பில் விண்டோஸ் வருவது ஆங்கிலத்தில். தமிழ் மொழிப் பொதி இலவசமாகவே இருக்கிறது. போட்டுக்கொண்டவர்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர் என்று கேட்டால் கை தூக்க ஆள் வராது, எங்களையும் சேர்த்துத்தான்.

இணையப் பக்கங்களின் கதை தனி. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கினார். அதில் மூன்று வகைப் பெட்டிகளைத் திறக்க வழி இருந்தது. ஒன்று அறிவிக்கும், ஒன்று சம்மதம் கேட்கும், ஒன்று ஏதாவது எழுதித் தரச் சொல்லும். இவற்றிலும் பட்டனின் சொல்லை மாற்ற முடியாது. அதே 1995இல், இணையப் பக்கம் ஒன்று உங்கள் கம்பியூட்டரிலிருந்து கோப்பை வாங்கும் முறையும் எழுதி வைக்கப்பட்டது. பக்கம் தன் கையால் உங்கள் கோப்பைத் தொட முடியாது. சிஸ்டத்தின் பெட்டி திறக்கும், நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தீர்களோ அது மட்டும்தான் பக்கத்துக்குப் போகும். படலையில் வாட்ச்சர் நிற்பது மாதிரி. எங்கேயோ இருக்கும் முகம் தெரியாத ஒருவருடைய பக்கத்துக்கு இந்த வாட்ச்சர் கட்டாயம் தேவை.

பிறகு ஒரு ஆசை வந்தது. இணையப் பக்கம் செய்யத் தெரிந்தவர்கள் உலகத்தில் ஏராளம், எங்கள் பாடசாலை ஐ.சி.டி பாடத்திலேயே எச்.டி.எம்.எல் இருக்கிறது. அதே அறிவை வைத்து, மேசையில் தனியாக ஓடும் மென்பொருளும் செய்தால் என்ன? 2011இல் இன்டெல் நிறுவனத்தில் ரோஜர் வாங் என்பவர் தொடங்கிய நோட்-வெப்கிட் அப்படி ஒரு முயற்சி. அதில் வேலை செய்த செங் ஷாவோ 2013இல் கிட்ஹப் நிறுவனத்துக்காக அட்டம் ஷெல் என்ற ஒன்றை ஆரம்பித்தார். 2015இல் அதற்கு எலக்ட்ரோன் என்று பெயர் மாறியது. குரோம் உலாவியின் உள்ளுடலை எடுத்து, அதற்குக் கம்பியூட்டரின் கோப்புகளைத் தொடும் உரிமையையும் கொடுத்துக் கட்டிய பொதி அது. விஷுவல் ஸ்டூடியோ கோட், ஸ்லக், டிஸ்கோர்ட் எல்லாம் இதில் செய்தவை. எங்கள் ஊர்த் தம்பியின் மென்பொருளும் இதில்தான்.

எலக்ட்ரோன் மென்பொருளுக்கு உள்ளே இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள் என்று வையுங்கள். முன்கடையில் நிற்பவர் உங்களுக்குத் திரையில் பக்கத்தைக் காட்டுவார். பின்கட்டில் இருப்பவர்தான் முதலாளி, கம்பியூட்டரோடு பேசும் அதிகாரம் அவருக்கு. சிஸ்டத்தின் சொந்தப் பெட்டியைத் திறக்க முதலாளியால்தான் முடியும். முன்கடைக்காரர் உள்ளே ஆள் அனுப்பிக் கேட்கவேண்டும், முதலாளி பெட்டியைத் திறந்து, நீங்கள் எதை அமத்தினீர்கள் என்ற பதிலை வெளியே அனுப்புவார். பதில் சொல்லாக வராது, எண்ணாக வரும். முதல் பட்டன் 0, இரண்டாவது 1.

இங்கே ஒரு நல்ல விஷயம், பட்டனுக்கு நாங்கள் விரும்பிய சொல்லைப் போடலாம். விண்டோஸ் விஸ்டாவோடு வந்த புதிய வகைப் பெட்டி அதற்கு இடம் கொடுக்கிறது. தம்பி ‘ஆம்’, ‘இல்லை’ என்று போட்டார். (இந்த ஊரில் யார் ஆம் என்கிறார்கள் என்று பிள்ளைகள் சிரித்தது வேறு கதை. ‘ஓம்’ என்று போட்டிருக்கலாம்.)

ஆனால் அந்தப் பெட்டிக்கு ஒரு வழக்கம் இருக்கிறது, எலக்ட்ரோனின் ஆவணங்களிலேயே எழுதியும் இருக்கிறது. எஸ்கேப்பை அமத்தினால் எந்தப் பட்டனை அமத்தியதாக எடுக்கவேண்டும் என்று மென்பொருள் செய்பவர் எண் கொடுத்துச் சொல்லலாம். அந்தக் குறிப்புக்குப் பெயர் கன்சல் ஐடி. சொல்லாமல் விட்டால், பட்டன்களில் ‘கன்சல்’ அல்லது ‘நோ’ என்று ஆங்கிலத்தில் எழுதியது எது என்று அதுவே தேடும். கண்டால் அதை எடுக்கும். காணாவிட்டால் 0.

எங்கள் பெட்டியில் 0 எது? ‘ஆம்’.

‘இல்லை’ என்று தமிழில் எழுதிய பட்டன் பக்கத்திலேயே இருந்தது. அது இல்லை என்றுதான் அர்த்தம் என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் எங்கள் ஆசிரியரின் எஸ்கேப் அந்தக் குடும்பத்தின் தாள்களைக் காப்பாற்றியிருக்கும். தமிழ்ப்படுத்தியதால் அழித்தது. டொஸ் காலத்தில் ஜேர்மன்காரனுக்கு ஜே கிடைத்தது போல எங்களுக்கு யாரும் தரவில்லை, நாங்களே எழுதிக்கொள்ள வேண்டிய ஒரு வரி அது. எழுதாதது எங்கள் பிழை. ஆவணத்தில் இருந்ததை நாங்கள் வாசிக்கவில்லை.

அம்புக்குறி போட்ட நீள வரிகளுக்கும் இதே காரணம்தான். விண்டோஸில் எலக்ட்ரோன், பட்டன் பெயர்களைப் பார்த்து ‘யெஸ்’, ‘கன்சல்’ போன்ற பழகிய சொற்களாக இருந்தால் சாதாரண பட்டனாகக் காட்டும். தெரியாத சொல் என்றால் அதை ஒரு நீளக் கட்டளை வரியாக ஆக்கிவிடும். அதையும் வேண்டாம் என்று சொல்ல ஒரு குறிப்பு இருக்கிறது. எங்கள் ஆசிரியர் வைரஸ் என்று பயந்த தோற்றம் வந்தது, எங்கள் சொற்களை அது அடையாளம் காணாததால்.

இனி, பெயர் இருந்த இடத்தில் வந்த குப்பை. இதுதான் எங்களுக்கு அதிகம் வலித்தது, ஏனென்றால் இது முழுக்க முழுக்க எங்கள் நாட்டுச் சரக்கு.

யூனிகோட் 1991இல் வந்தபோதே தமிழுக்கு இடம் இருந்தது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்து தமிழ் யூனிகோடைக் காட்டத் தொடங்கியது. ஆனால் இலங்கையில் அச்சகம், பாடசாலை, கந்தோர் எல்லா இடத்திலும் நாங்கள் பழகியது பாமினி. அது உண்மையில் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வேடம் போட்ட எழுத்துரு. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கம்பியூட்டருக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி. பாமினி எழுத்துரு போட்டிருக்கும் வரைக்கும் கண்ணுக்குத் தமிழ். எழுத்துருவைக் கழற்றினால் வெறும் ஜேகேபிஓ. எங்களில் பலருக்கு இன்றைக்கும் யூனிகோடை விடப் பாமினியில்தான் கை வேகமாக ஓடும்.

நாங்கள் சேர்த்த குடும்பப் பட்டியல், முன்னர் யாரோ வேர்டில் பாமினியில் அடித்து வைத்தது. தம்பி அதை அப்படியே உள்ளே ஏற்றிவிட்டு, மென்பொருளின் திரைக்குப் பாமினி எழுத்துருவைப் போட்டார். திரையில் அழகாகத் தெரிந்தது. பக்கம் எங்களுடையது, அதற்கு எந்த உடுப்பும் போடலாம். பெட்டி வீட்டுக்காரனுடையது. அது விண்டோஸின் எழுத்துருவில்தான் எழுதும், எங்கள் பாமினி அங்கே எடுபடாது. அதனால் கேள்வி யூனிகோடில் நல்ல தமிழாகவும், எந்தக் குடும்பத்தை அழிக்கப் போகிறோம் என்ற பெயர் மட்டும் ஆங்கிலக் குப்பையாகவும் வந்தது. பெயர் ஒழுங்காகத் தெரிந்திருந்தால் எங்கள் ஆசிரியர் பயந்திருக்க மாட்டார், எஸ்கேப்பைத் தேடியிருக்கவும் மாட்டார். தன் கையால் ‘இல்லை’யை அமத்தியிருப்பார்.

2008இல் தமிழுக்கான இலங்கைத் தரநிலை எஸ்.எல்.எஸ் 1326 வந்தது. பாமினிக்காரர்கள் பழகிய தட்டச்சு முறைக்கு நெருங்கிய ரெங்கநாதன் விசைப்பலகையை யூனிகோடிலேயே பாவிக்கலாம். கையை மாற்றத் தேவையில்லை, உள்ளே பதிவாவது மட்டும் மாறும். இதைப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், நாங்களே வீட்டில் செய்யவில்லை என்பது இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டது.

அழிந்த தாள்களுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். மூலத் தாள்கள் புத்தளத்தில் அந்தக் குடும்பத்திடமே இருந்தன. இரண்டு பேர் மதவாச்சி, அனுராதபுரம் சுற்றி பஸ்ஸில் போய்த் திரும்பவும் ஸ்கேன் செய்து வந்தார்கள். வீட்டார் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, பகல் சாப்பாடும் தந்தார்கள். ஒன்றைத் தவிர எல்லாம் கிடைத்தது. 1970களில் தலைமன்னாரிலிருந்து எழுதிய ஒரு கடிதம், நாலாக மடித்தது. நாங்கள் முதல் தடவை ஸ்கேன் செய்தபோதே மடிப்பில் பிரிந்துகொண்டிருந்தது. பத்திரமாக நீங்கள் படம் எடுத்து வைத்திருக்கிறீர்கள்தானே என்று நினைத்து, வீடு துப்புரவாக்கும்போது அந்தத் துண்டுகளை வைத்திருக்காமல் விட்டுவிட்டார்கள்.

‘நீங்க வெச்சிருக்கீங்க என்டு நெனச்சம் சேர்,’ என்று அந்த வீட்டு உம்மா சொன்னார். அதற்குப் பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

இப்போது மென்பொருளில் செய்திருக்கும் மாற்றங்கள் இவை. பட்டன்களில் ஆம், இல்லை இனிக் கிடையாது. ‘நீக்கு’, ‘வேண்டாம், இருக்கட்டும்’ என்று செய்யப்போகும் காரியத்தையே எழுதியிருக்கிறோம். ‘ரத்து’ என்ற சொல்லைப் போடலாமா என்று யோசித்துவிட்டு விட்டோம். பதிவை ரத்துச் செய்யவா என்று கேட்டுக் கீழே ‘சரி’, ‘ரத்து’ என்று போட்டால் எது எதை ரத்துச் செய்யும்? 1990இல் நின்ற தலைமன்னார் ரயில் 2015இல் திரும்ப ஓடும் வரைக்கும் அந்தச் சொல்லோடு வாழ்ந்தவர்களுக்கு அது ஒரு அர்த்தத்தில்தான் கேட்கும். எஸ்கேப்புக்கும், என்டருக்கும், மூலையில் உள்ள பெருக்கல் குறிக்கும் ‘வேண்டாம்’ என்றே எண் கொடுத்திருக்கிறோம். நீக்கினாலும் நேரே அழியாது, கம்பியூட்டரின் குப்பைக் கூடைக்குப் போகும், மீட்கலாம். பெயர்கள் எல்லாம் யூனிகோடுக்கு மாற்றியாகிவிட்டது. சில பெயர்களில் எழுத்துப் பிழை இருக்கக்கூடும், உங்கள் வீட்டுப் பெயரை ஒருமுறை பாருங்கள்.

கோப்பு எடுக்கும் பெட்டி மட்டும் இன்னும் அரைகுறைதான். சம்மதப் பட்டனுக்கு ‘தேர்ந்தெடு’ என்று தமிழ் போட முடிந்தது. பக்கத்தில் இருக்கும் கன்சல் விண்டோஸுடையது, அது ஆங்கிலத்திலேயே நிற்கிறது. விண்டோஸுக்குத் தமிழ்ப் பொதி போட்டால் அதுவும் மாறும். எங்கள் லப்டொப்பில் போட்டுவிட்டோம். முதல் இரண்டு நாள் ஒன்றும் எங்கே என்று பிடிபடவில்லை, இப்போது பழகிவிட்டது.

பட்டன் சொற்களை இந்த முறை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரையும், கம்பியூட்டரைத் தொட்டே பார்க்காத மூத்தவர்கள் மூன்று பேரையும் கூட்டிவைத்துக் காட்டினோம். ஒரு மூத்தவர் ‘நீக்கு’ என்பதை ‘நீங்கு’ என்று வாசித்து, எழும்பிப் போகச் சொல்கிறதா என்று கேட்டார். எழுத்தின் அளவு சின்னது. விண்டோஸில் போய் எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறோம்.

பழைய பிரதி ஐந்தாறு வீடுகளில் இருக்கிறது. அதைத் திறந்து ஒன்றும் செய்யவேண்டாம், முக்கியமாக எஸ்கேப்பைத் தொடவேண்டாம். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை ஐ.சி.டி அறையில் இருப்போம். பென்டிரைவைக் கொண்டு வாருங்கள், புதியதைப் போட்டுத் தருகிறோம். கிழியும் நிலையில் தாள் ஏதும் வீட்டில் இருந்தால், நாங்கள் படம் எடுத்த பிறகும் அதை எறிந்துவிடாதீர்கள்.